ஒன்றும் இல்லாதபோது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள் என்றும், பேருந்து நிறுத்தச் சுவரிலேயே அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும், அப்படியிருந்தும் உங்கள் வீட்டில் 45 வயது அம்மா, 63 வயது அம்மாச்சி, பள்ளி ஆசிரியையான 38 வயதுச் சித்தி ஆகிய மூவரில் ஒருவர்கூட இதுவரை போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விழிப்புணர்வு போதாததுதான் காரணமா, இவர்களை எப்படி அழைத்துப் போவது என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். தென் மாவட்டங்களில் அரசு மகப்பேறு மருத்துவராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்த ஆண்டுகளில் தாமதமாக வந்த பெண்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டதால், இந்தக் கேள்வியை வெறும் தகவல் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் அது 9.8 சதவீதம், மாநிலங்களிலேயே அதிகம் இதுதான். 2007 வாக்கில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்த அரசுத் திட்டத்தின் பயன் இது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் விடுபட்ட மாநிலம் முதலிடத்தில் இருக்கிறது என்பதே நாட்டின் நிலையைக் காட்டிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்ட வேண்டும் என்று வகுத்த இலக்கோ, பெண்களில் 70 சதவீதம் பேர் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறு முறையும் தரமான பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது.

இந்த 9.8 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனை செய்துகொண்டவர்களிலேயே பலருக்குத் தாங்கள் என்ன செய்துகொண்டோம் என்பது தெரியாது. “ஆஸ்பத்திரியில கீழ பார்த்தாங்க” என்பார்கள். எதற்குப் பார்த்தார்கள், என்ன தெரிந்தது, மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. வெள்ளைப்படுதலுக்காக வந்தவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கருப்பை வாயைப் பார்த்தார்களா என்பது அவருக்கே தெரியாது. செய்ததைச் சொல்லாமல் விடுவதும் விழிப்புணர்வுக் குறைதான். அந்தக் குறை அந்தப் பெண்ணிடம் இல்லை, எங்களிடம் இருந்தது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விழிப்புணர்வு இல்லாததால்தான் பெண்கள் வருவதில்லை என்று நானும் முதல் பத்து ஆண்டுகள் நம்பினேன். அந்த நம்பிக்கையை மாற்றியது நம் மண்ணிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே உள்ள அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்தவ சமூக நல மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்துப் பெண்களிடம் இதைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 31,343 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர், வந்தார்கள். இதே போல மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில், இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 34,126 பெண்களில் 27,192 பேர், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர், வந்தார்கள். இவர்கள் யாரும் நகரத்துப் பட்டதாரிகள் அல்லர். களை எடுக்கப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். நூற்றுக்கு இரண்டு பேரோ பத்துப் பேரோ மட்டுமே வருகிற அதே நாட்டில், அதே மாதிரியான பெண்கள் நூற்றுக்கு அறுபதும் எண்பதுமாக வந்திருக்கிறார்கள் என்றால், தடை அவர்களுடைய அறியாமையில் மட்டும் இருந்திருக்க முடியாது.

அம்பிளிக்கைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வீடு வீடாகப் போய்ப் பெயரும் வயதும் எழுதினார்கள். பெண்களை நேரில் உட்கார வைத்துப் பேசி, இன்ன இடத்துக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தார்கள். சந்தேகமான மாற்றம் தெரிந்தவர்களுக்கு அந்த வருகையிலேயே உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சதை எடுத்து, தேவையானவர்களுக்குக் அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வெளியானபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயது வரை உள்ளவர்களிடம் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. உஸ்மானாபாதில் ஒரே ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை, எட்டு ஆண்டுக் காலத்தில் இந்த நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ பாதியாக்கியதை 2009-இல் வெளியிட்டார்கள்.

எனவே என் பதில் இதுதான். நம் பெண்களுக்குப் புற்றுநோய் என்ற சொல் நன்றாகவே தெரியும், அதன் பயமும் தெரியும். இந்தப் பரிசோதனை நோய் இல்லாதவர்களுக்கானது என்ற ஒன்றுதான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடங்களிலும், வந்து போவதற்கு ஏற்றபடி அதை நாம் அமைத்துக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் நம் வீடுகளில் முடியாதபோது போகிற இடம். அம்மாக்களுக்கு அதுகூடக் கிடையாது; காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லையென்றால்தான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி. பிள்ளைக்கும் மாமியாருக்கும் மருந்து வாங்கப் போவார்கள், தனக்கென்று போகமாட்டார்கள். அப்படி வளர்ந்த பெண்ணிடம் ‘அறிகுறி எதுவும் இல்லாதபோதே வந்து காட்டுங்கள்’ என்று சொல்வது, அவர் இதுவரை வாழ்ந்த விதத்துக்கே மாறான சொல். ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்று உங்கள் அம்மா சொல்வதை அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அறிந்த நியாயப்படி அது சரியான பதில்.

அந்த நியாயம் இந்த நோய்க்குப் பொருந்தாது என்பதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. இந்த உண்மையை நிறுவியதற்காக ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மணவாழ்க்கை தொடங்கிய பெண்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு காலத்தில் இந்த வைரஸைப் பெறுகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சமிருக்கும் சிலரிடம் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் கருப்பை வாயின் மேல்தோல் செல்களை மெல்ல மாற்றி, அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைப் போல எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் இது விரைவாக நடக்கும். இத்தனை ஆண்டுகளிலும் வலி இருக்காது, இரத்தம் இருக்காது, துர்நாற்றம் இருக்காது. அந்தப் பெண் சமைப்பார், வேலைக்குப் போவார், மகளுக்கு வளைகாப்புச் செய்வார். மாற்றம் மட்டும் அதன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். வேறெந்தப் புற்றுநோயும் நமக்கு இவ்வளவு நீண்ட அவகாசம் தருவது அரிது. அந்த அவகாசத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால் சில நிமிடச் சிகிச்சையோடு தீர்ந்துபோகிற ஒன்றை, பார்க்காமல் விட்டதால் கதிர்வீச்சுக்கு அனுப்ப வேண்டியதாகும்போது, மருத்துவருக்கு வரும் வேதனை சாதாரணமானதன்று.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாததால் வரும் பயமும் பெரிது. அதையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் படுத்து, பிரசவத்துக்குப் படுப்பது போல முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். புடவையைக் கழற்ற வேண்டியதில்லை, உயர்த்திக்கொண்டால் போதும். ஸ்பெகுலம் என்ற கருவியைச் செலுத்திக் கருப்பை வாயைத் தெரியும்படி செய்வார்கள். அந்த ஒரு கணம் அசௌகரியமாக இருக்கும். உடம்பைத் தளர்த்தி மூச்சை மெல்ல விட்டால் வலி பெரும்பாலும் இராது. பிறகு 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அங்கே ஒற்றி எடுத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அவ்வளவுதான் அந்தப் பரிசோதனை. என்னுடன் வேலை பார்த்த ஒரு செவிலியர், இரும்புக் கருவியை வெந்நீரில் காட்டி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பில், மேசையின் விளிம்பை இறுகப் பிடித்திருக்கும் பெண்ணிடம், “மூத்தவ எந்த ஊருல கட்டிக் கொடுத்திருக்கு?” என்று கேட்பார். அவர் மகளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பரிசோதனை முடிந்திருக்கும். அந்தச் செவிலியரிடம் ஒரு முறை வந்தவர்கள் அடுத்த முறை தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

இதற்கு மாறாக ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஒரு சுகாதார நிலையத்தில் பரிசோதனை அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. செவிலியர் ஒரு முக்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வேலை பார்த்தார். வெளியே பெஞ்சில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வந்த பெண்கள் முக்காலியைப் பார்த்ததுமே “நாளைக்கு வர்றேம்மா” என்று கிளம்பிவிடுவார்கள். பதிவேட்டில் அவர்களை ‘விருப்பமில்லை’ என்று எழுதினோம். விழிப்புணர்வு இல்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினோம். அந்த அறிக்கையில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. தாழ்ப்பாளை மாற்றி, திரையும் போட்ட பிறகு அப்படித் திரும்பிப் போவது நின்றது.

உங்கள் அம்மாச்சியின் நிலை வேறு. அவர் கணவரை இழந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதுப் பெண்களை அழைத்தால் அவர்கள் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். “அவர் போயிப் பதினைஞ்சு வருஷமாச்சு, எனக்கு எதுக்கு இதெல்லாம்?” இந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வதே தன்னைப் பற்றித் தவறாக எதையோ ஒப்புக்கொள்வது போல அவர்களுக்குப் படுகிறது. உடலுறவின் வழியாகப் பரவும் கிருமி என்று மேடையில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, அதன் பிறகு யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டால், எந்தப் பெண் எழுந்து வருவார்? வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. மணமான புதிதில் வந்து, பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்து, ஐம்பதுக்கு மேல் தலைகாட்டலாம். ஒரே கணவரோடு வாழ்ந்து ஒழுக்கமாக இருந்த பெண்ணுக்கும் வரலாம், வருகிறது. ஆகவே அம்மாச்சியிடம் கிருமியைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். பிள்ளை பெற்ற கருப்பையின் வாயில் வயதான காலத்தில் புண் வருகிறதா என்று பார்க்கிறார்கள் என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. அவர் மேலே கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாச்சிக்கு எந்தப் பரிசோதனை என்பதிலும் கவனம் வேண்டும். அசிட்டிக் அமிலம் ஒற்றிப் பார்க்கும் முறை, மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. மாற்றம் தொடங்குகிற பகுதி வயதாக ஆகக் கருப்பை வாயின் உட்புறத்துக்கு ஏறிவிடுவதால், வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அவருக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையோ, கருப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனையோ பொருத்தம். இந்த இரண்டும் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் கேளுங்கள். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டதாக அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உறவுக்குப் பின் இரத்தம் படுவதும், நாற்றத்தோடு விடாமல் நீர் படுவதும் அப்படியே. இவை நோயைத் தேடும் கட்டத்தைத் தாண்டியவை, நேரடியாக நோயறிய வேண்டியவை.

சித்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் பரிசோதனையின் முழுப் பலனும் கிடைக்கிற வயதில் இருப்பவர் அவர். படித்தவர்கள் போவார்கள் என்ற எண்ணம் உண்மைக்கு ஒத்துவரவில்லை. செவிலியர்களிடமே நடத்திய ஆய்வுகள் பலவற்றில், நோயைப் பற்றி நன்றாகவே அறிந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். படித்தவர்களைத் தடுப்பது மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அரசு நிலையத்தில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்ற கூச்சம். ஓர் ஆசிரியைக்கு அந்த ஊர்ச் செவிலியர், மாணவியின் தாயாகவும் இருக்கலாம். மற்றொன்று, விடுமுறை. மூன்றாவதுதான் கனமானது, முடிவு என்னவாக வருமோ என்ற பயம். ‘இருக்கு’ என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தே போகாமல் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு எண்களால் பதில் சொல்லலாம். திண்டுக்கல் ஆய்வில் பரிசோதித்த 31,343 பேரில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, வெளுப்பு தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. சிலருக்கு வெறும் அழற்சி, சிலருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம். அந்த மாற்றத்துக்கான சிகிச்சை இன்று இன்னும் எளிதாகிவிட்டது. சூடான முனையுள்ள சிறு கருவியை அந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் வைத்து எடுக்கிறார்கள். மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாட்கள் நீர் படும், சில வாரங்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு: ‘பிள்ளைதான் பெத்தாச்சே, எதுக்கு இத வச்சுக்கிட்டுக் கெடக்கணும், எடுத்துடுங்க’ என்று கேட்டு வந்த பெண்களையும், அதற்கு உடனே ஒப்புக்கொண்ட இடங்களையும் நான் அறிவேன். பரிசோதனைக்குப் பதிலாக அறுவை சிகிச்சை என்பது மருத்துவமே ஆகாது.

அதே ஆய்வில் எனக்கு உறுத்துகிற இன்னொரு எண்ணும் இருக்கிறது. புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். அவ்வளவு அக்கறையோடு, அந்த இடத்திலேயே சிகிச்சை தர ஏற்பாடு செய்த ஆய்விலேயே நான்கில் ஒருவருக்கு மேல் நழுவிவிட்டார்கள். வழக்கமான ஏற்பாட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இங்கே வெளுப்பு தெரிந்தால் வட்டார மருத்துவமனைக்குச் சீட்டு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, அங்கே மருத்துவர் வியாழக்கிழமைதான் பார்ப்பார், சதைப் பரிசோதனை முடிவுக்கு இரண்டு வாரம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது, வீட்டில் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ‘வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்’ என்று போனவர்களில் திரும்பி வந்தவர்களை எண்ணிவிடலாம். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று மாதந்தோறும் கணக்குக் கேட்பவர்கள், வெளுப்பு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்பதையும் அதே வரிசையில் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கிலும் மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

கூச்சம்தான் முதன்மையான தடையென்றால் அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது. ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். மென்மையான சிறு தூரிகையைக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செலுத்தி, சில முறை சுழற்றி, குழாயில் இட்டுக் கொடுத்துவிட்டால் போதும். யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுப் பரிந்துரைத்திருக்கிறது. மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ரோஸ்’ திட்டம் இப்படித்தான் இயங்குகிறது. முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். அங்குள்ள நம் தமிழ்ப் பெண்களும் இதைப் பயன்படுத்தலாம். நம் அரசுத் திட்டத்தில் இது பரவலாக வர வேண்டும் என்று விரும்புகிறேன். வைரஸ் இருக்கிறது என்று வந்தவர்கள் மட்டும் மேசைக்கு வந்தால் போதும் என்னும்போது, பெரும்பாலான பெண்களுக்கு அந்த மேசையே தேவைப்படாது.

எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று கேட்பீர்கள். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அசிட்டிக் அமில முறையில் பார்க்கச் சொல்கிறது. ஹெச்.பி.வி. பரிசோதனையாக இருந்து அதில் வைரஸ் இல்லை என்று வந்தால், ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை விடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதால், அவர்கள் 25 வயதிலேயே தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கும் பரிசோதனை தேவை. அந்த அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருப்பையை எடுத்துவிட்டவர்கள், கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்பதை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி: அது ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போட்டால் மிகுந்த பலன் தருவது, அதைப் போட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

இனி, எப்படி அழைத்துப் போவது என்பது. மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். ஒருவர் முன்னால் ஒருவர் வாய் திறக்கமாட்டார்கள். அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே போய், எந்தக் கிழமை எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, பரிசோதிப்பவர் பெண்தானா, வெளுப்பு தெரிந்தால் அடுத்து எங்கே அனுப்புவார்கள், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுவரை கேட்டுவிடுங்கள். மாதவிலக்கு முடிந்து சில நாட்கள் கழித்து ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். அன்றைக்கு நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் போங்கள். ‘நீ போய்ட்டு வாம்மா’ என்பதற்கும் ‘வாம்மா, நானும் வர்றேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள்களை வைத்தே கண்டிருக்கிறேன். அம்மா போய் வந்துவிட்டால், சித்தியிடம் நீங்கள் பேச வேண்டியதே இராது. அக்கா சொல்வதைத் தங்கை கேட்பார். ஊரில் கூச்சமென்றால், சித்தி கோடை விடுமுறையில் பக்கத்து நகரத்து அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளட்டும்.

பரிசோதனை முடிந்ததும் முடிவை வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாமல், தேதி, செய்த பரிசோதனையின் பெயர், முடிவு, அடுத்து வர வேண்டிய ஆண்டு ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, ரேஷன் அட்டை வைக்கிற உறையிலேயே வையுங்கள். அம்மாவின் சீட்டில் அடுத்த ஆண்டு எது என்று எழுதியிருக்கிறதோ, அதை உங்கள் கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.